இரு பக்கத்தாரையும் வைத்துச் சொன்னது

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் கரையில், நுரைச்சோலையைத் தாண்டிக் கற்பிட்டிப் பக்கம் போகிற வழியில் இருக்கிற ஒரு முஸ்லிம் பாடசாலை அது. அந்த வருடம் வகுப்பில் பதினொரு பேர். பாதிப் பேர் பாடம் சுலபம் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர்கள். இரண்டாம் தவணையில் கிரேக்க அரங்கு வரும்போதுதான் முகம் மாறும்.

கிரேக்கத் துன்பியல் நாடகங்களுக்கு நான் பத்து வருடங்களுக்கு மேலாக ஒரே குறிப்பைத்தான் கொடுத்துவந்தேன். வன்முறை மேடையில் காட்டப்படுவதில்லை, அது அரண்மனைக் கதவுக்குப் பின்னால் நடக்கும், நடந்ததைத் தூதன் வந்து சபையில் உரைப்பான். கோரஸ் ஊர்ப் பெரியவர்களாகவோ ஊர்ப் பெண்களாகவோ நின்று அஞ்சும், புத்தி சொல்லும், புலம்பும், செயலில் இறங்காது. இவ்வளவையும் எழுதினால் பரீட்சையில் புள்ளி வரும். பிள்ளைகள் பாடமாக்கிவிடுவார்கள்.

அந்த நாடகங்களை முதன்முதலில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது வேறொரு விசயம். எதிரி வெளியிலிருந்து வருவதில்லை. போர் எங்கோ தூரத்தில் நடந்து முடிந்திருக்கும். நகரத்து மதில் அப்படியே நிற்கும். பிறகுதான் உள்ளே கொலை விழும். கூடப்பிறந்தவர்கள், கணவன் மனைவி, மாமன் மருமகன், ஒரே சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டவர்கள். கொல்கிறவனுக்குச் சாகிறவனின் செல்லப்பெயர்கூடத் தெரிந்திருக்கும். இதைக் குறிப்பில் எழுத இடமில்லை என்பதால் நான் எழுதவில்லை. வாயால் ஒருதரம் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன்.

எங்கள் ஊரைப் பற்றி அப்படி யோசிக்க எனக்குக் காரணம் இருக்கவில்லை.

என் நானா, எனக்கு மூத்த சகோதரர், கரைவலைச் சம்மாட்டி. வாப்பாவிடமிருந்து வந்த வலையும், வலை வளைக்கிற கரைத்துண்டும் அவருடையவை. அந்தத் துண்டை நாங்கள் பாடு என்போம். என் கணவர் வடக்கிலிருந்து வந்தவர். தொண்ணூறில் அங்கிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஒன்பது வயதுப் பிள்ளையாக, உடுத்த உடுப்போடு, வள்ளத்தில் வந்து எங்கள் கரையில் இறங்கியவர். எங்கள் வாப்பாதான் தன் தென்னங்காணியில் கிடுகுக் கொட்டில் போட அவர்களுக்கு இடம் விட்டவர். அந்தக் கொட்டில்கள் பிறகு கல்வீடுகளாயின, ரோட்டு வந்தது, கரண்ட் வந்தது, அரசாங்கம் அந்தக் குடியிருப்புக்கு ஒரு பெயரும் வைத்தது. ஊரிலே ஆட்கள் மட்டும் இன்னும் அதை “கேம்ப்” என்றுதான் சொல்வார்கள். ஒரே பள்ளிவாசல், ஒரே வரிசையில் தொழுகை. ஆனாலும் தண்ணீர்க் குழாயடியில், நிவாரண வரிசையில், பள்ளிக்கூட அனுமதியில் ஏதாவது கொஞ்சம் உரசினால் ஒரு வார்த்தை வந்துவிடும். அகதி.

எங்கள் கலியாணத்தைப் பேசியதே நானாதான். அவருடைய வலையில் கயிறு இழுக்க வந்த பொடியனைப் பிடித்துப்போய், வாப்பாவிடம் போய் நின்று, “இவனை விட நல்ல மாப்பிள்ளை நம்மட தங்கச்சிக்குக் கிடைக்காது” என்று சொன்னவர். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது ஒவ்வொரு வீடாகப் போய் அவர்களின் வாயை மூடியவரும் அவர்தான். இருபது வருடமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு, பெருநாளைக்கு ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

நாட்டு நெருக்கடியின் டீசல் வரிசைகள் ஓய்ந்ததற்கு அடுத்த வருடம், சோளகக் காற்று அடங்கிக் கரைவலைக் காலம் தொடங்க இருந்த நேரத்தில், நானா ஒரு வின்ச் வாங்கினார். பழைய டிரக்டர் ஒன்றின் பின்னால் பூட்டுகிற இரும்புருளை. கையால் இழுப்பதென்றால் வலையின் இரண்டு கயிற்றுக்கும் பக்கத்துக்கு இருபது பேர் வேண்டும். வின்ச் இருந்தால் எல்லாமாக ஏழெட்டுப் பேர் போதும். கயிறு இழுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் கேம்ப் வீடுகளைச் சேர்ந்தவர்கள். என் கணவர் இழுவைக்காரர்களின் சங்கத்துக்குச் செயலாளர்.

ஒருநாள் பின்னேரம் நானா எங்கள் வீட்டுக்கு வந்து முன்விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்தார். நான் பிளேன்ரீ கொண்டுபோய் வைத்தேன்.

“மச்சான், அந்த மெசின் வந்தா இத்தன குடும்பமும் எங்க போறது?” என்று கணவர் கேட்டார்.

“ஆள் கிடைக்குதா மச்சான்? நீங்களே சொல்லுங்க. பொடியன்மார் கட்டாருக்குப் போறாங்க. மிச்சமானவங்க கரண்ட் பிளாண்டுக்கு வேலைக்குப் போறாங்க. போன வருசம் எத்தன நாள் ஆளில்லாம வலைய மடிச்சு வச்சன்? எனக்கும் பிள்ளைகள் இருக்கு.”

“ஆள் வராத நாளைக்கு மெசினப் போடுங்க. வந்த நாளைக்குக் கையால இழுப்பம்.”

“அது நடக்கிற கதையா? ஒரு நாளைக்கு வா, ஒரு நாளைக்கு வராதே எண்டு சொல்ல ஏலுமா?”

இரண்டு பேர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நானா ரீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனார். அதனால் பெரிதாக ஒன்றும் வராது என்று நினைத்தேன்.

முதல் வலை ஒரு சனிக்கிழமை வளைத்தார்கள். காலையில் உம்மா எனக்குப் போன் எடுத்தார். “மகள், கரைக்கு ஒருக்காப் போ. கேம்ப் ஆக்கள் எல்லாம் அங்க போறாங்களாம். நீ நிண்டா ரெண்டு பேரும் கொஞ்சம் அடங்குவாங்க.”

அபாயாவை மாட்டிக்கொண்டு போனேன். மீன் பிரிக்கிற ஓலைக் கொட்டிலான வாடியின் ஓரத்தில், தாழம்பற்றைக்குப் பக்கத்தில் நின்றேன். டிரக்டருக்கும் எனக்கும் பத்துப் பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். வலை பாதி தூரம் வந்திருந்தது. கடல் அமைதியாக இருந்தது. மேலே பருந்துகள் சுற்றியதைப் பார்த்தால் வலையின் மடிப் பை நிறைய மீன் இருக்கிறது என்று எவருக்கும் விளங்கும்.

என் கணவர் பத்துப் பதினைந்து பேரோடு வந்து, வின்ச்சுக்கும் தண்ணீருக்கும் நடுவில், ஓடிக்கொண்டிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார். “மெசின நிப்பாட்டச் சொல்லுங்க மச்சான். கதைச்சிட்டு இழுப்பம்” என்றார். சத்தம் போடவில்லை. நானா, “வலை கடலுக்க கிடக்கு. இப்ப என்ன கதை? இழுத்த பிறகு கதைப்பம்” என்றார். பின்னால் நின்ற ஒருவன் கயிற்றின் மேல் காலை வைத்தான். நானாவின் ஆள் ஒருவன் அவனைப் பிடித்துத் தள்ளினான். என் கணவர் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் விலக்கினார். அப்போது நானா சொன்னார்.

“எங்கட வாப்பா இடம் தராட்டி நீங்கெல்லாம் எங்க இருந்திருப்பீங்க? அகதியா வந்த நீ எனக்குப் பாடு சட்டம் படிப்பிக்கிறியா?”

என் கணவர் நானாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து, வள்ளத்தோடு சாய்த்து வைத்திருந்த துடுப்பை எடுத்து, நானாவின் தலையில் இடது பக்கத்தில் அடித்தார். ஒரே ஒரு அடி. நானா மணலில் விழுந்தார்.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று முழுதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வின்ச்சின் பிடியில் நின்றவனும் இறங்கி அடிதடிக்குள் ஓடினான். மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. மற்றப் பக்கத்துக் கயிற்றைப் பிடித்தவர்கள் விட்டுவிட்டு ஓடியதால், ஒரு பக்கத்துக் கயிறு மட்டும் வந்து வலை கோணி, மடி கவிழப் போனது. கயிற்றடியில் ஒரே ஒரு ஆள்தான் அடிதடியில் சேராமல் நின்றார். கயிற்று மாமா என்று இரண்டு பக்கத்தாரும் கூப்பிடுகிற, கரைக்கு வந்த கயிற்றைச் சுருட்டி அடுக்குகிற பெரியவர். கேம்ப் ஆள். ஆனால் நானாவிடம் வாப்பா காலத்திலிருந்து வேலை செய்கிறவர். மடி கவிழப்போகிறதென்று கண்டு, உருளையிலிருந்து கயிற்றைக் கழற்றக் கையை வைத்தார். கயிறு கையை உள்ளே இழுத்தது.

அவருடைய அலறலில் எல்லோரும் நின்றார்கள். யாரோ ஓடிப்போய் மெசினை நிறுத்தினார்கள். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

இவ்வளவும் நடக்கும் வரை நான் வாடி ஓரத்தில் நின்றேன். ஒரு எட்டு முன்னே வைக்கவில்லை. வாயைத் திறந்து கத்தவுமில்லை. தாழம்பற்றையின் முள் அபாயாவில் மாட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆனால் முள் மாட்டியதால் நான் நிற்கவில்லை.

நானாவையும் பெரியவரையும் ஒரே வேனில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொலிசில் இரண்டு பக்கமும் முறைப்பாடு. திங்கட்கிழமை விடியுமுன்பே ஊரில் இரண்டு கதைகள் உலாவின. நானாவின் பக்கம் சொன்ன கதையில், ஒரு காரணமும் இல்லாமல் கேம்ப் ஆட்கள் தடிகளோடு வந்து சம்மாட்டியை ஐந்து பேராக அடித்தார்கள், பெரியவரை அவர்களே வின்ச்சில் தள்ளிவிட்டுப் பழியை இந்தப் பக்கம் போட்டார்கள். மற்றப் பக்கத்தின் கதையில், சம்மாட்டியின் ஆட்கள் முதலில் அடித்தார்கள், நானா ஓடும்போது டிரக்டரில் தலை மோதி விழுந்தார், பெரியவரைச் சம்மாட்டியின் ஆட்கள் பிடித்துத் தள்ளினார்கள். ஒரு கதையில் வார்த்தை இல்லை. மற்றதில் அடி இல்லை. இரண்டிலும் அந்தப் பெரியவர் யாராலோ தள்ளப்பட்டிருந்தார்.

அந்த வாரம் நானாவின் வாடி எரிந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாள் இழுவைக்காரர் ஒருவரின் ஃபைபர் படகு எரிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை கேம்ப் ஆட்கள் ஜும்மாவுக்குப் பெரிய பள்ளிக்கு வரவில்லை. தங்கள் பக்கத்தில் இருந்த சின்னத் தக்கியாவில் தொழுதார்கள். முப்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. என் மகனுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. வீட்டிலேயே லுஹர் தொழுதான்.

வகுப்பில் அந்தக் கிழமை கிரேக்க அரங்கு. நான் உள்ளே போனபோது பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் ஆறு பேர், சுவர்ப் பக்கம் ஐந்து பேர். நடுவில் ஒரு வரிசை வாங்குப் பலகை காலியாகக் கிடந்தது. நான் குறிப்பை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். கோரஸ் வந்த இடத்தில் ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். வின்ச்சின் பிடியை விட்டுவிட்டு ஓடினவரின் மகள்.

“டீச்சர், கோரஸ் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதானே நிக்குது. ஏன் ஒண்டும் செய்யுறல்ல?”

“அது அந்த அரங்கின் மரபு” என்றேன். “எழுதுங்க. கோரஸ் செயலில் பங்குகொள்வதில்லை, அது மரபு.”

அவள் எழுதினாள். எல்லோரும் எழுதினார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் கரையில் நின்றது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அதனால் இரண்டு பக்கமும் வந்தார்கள். முதலில் வந்தது நானாவின் மனைவி. மதினி அழவில்லை. “உன்ட நானாக்கு இடது காது கேக்காதாம். டொக்டர் சொல்லிட்டார். நீ பாத்ததப் பள்ளிவாசல்ல எழுதிக் குடு. வேற ஒண்டும் வாணாம், அடிச்சது ஆர் எண்டு மட்டும் எழுது” என்றார். மறுநாள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். “டீச்சர், முதல்ல தள்ளினது அவங்கட ஆள்தானே? அந்த இடத்தோட நிப்பாட்டிட்டாப் போதும். அதுக்குப் பிறகு சனத்துக்க உங்களுக்கு ஒண்டும் விளங்கல்ல எண்டு சொல்லுங்க.”

இரண்டு பேரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. பாதியைச் சொல்லச் சொன்னார்கள்.

பள்ளிவாசல் தலைவரும் ஆளனுப்பினார். பொலிஸ் விசயத்தைச் சமாதானமாக முடிக்கப் பார்க்கிறோம், கரையில் நின்ற பெண் என்ன கண்டதென்று ஒரு ஆள் வந்து எழுதிக்கொண்டு போவார் என்று. நான் இரண்டு நாள் தவணை கேட்டேன்.

என் கணவர் அதுவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பொலிசில் பிணை கொடுத்து வந்திருந்தார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அன்றைக்கு அசர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர், “நீ என்ன சொல்லப் போறாய்?” என்று கேட்டார்.

“பாத்ததை.”

“நான் அடிச்சதச் சொல்லு. அதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. அந்த வார்த்தைய மட்டும் விட்டுடு.”

எனக்கு விளங்கவில்லை. “அதை விட்டா நீங்க சும்மா போய் அடிச்ச ஆளாத்தான் நிப்பீங்க” என்றேன்.

“நிக்கிறன்.”

“ஏன்?”

“நம்மட பிள்ளைகள் இந்த ஊர்ல பிறந்ததுகள். அதுகளுக்கு முன்னால, ஊருக்கு முன்னால, உன்ட வாயால அந்த வார்த்தைய எனக்குத் திருப்பிச் சொல்லாத. அவர் சொன்னதை விட அது எனக்குப் பெரிசாப் படும்” என்றார்.

அவர் கேட்டதும் பாதியைத்தான். ஆனால் தனக்காகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பத்து வருடமாக நான் தூதனைப் பற்றிப் படிப்பித்திருக்கிறேன். அவன் ஓடிவந்து நின்று, கண்டதை ஒழுங்காக, முதலிலிருந்து கடைசி வரை சொல்லிவிட்டுப் போய்விடுவான். பிறகு அவனை மேடையில் காணக் கிடைக்காது. அவனுக்கு அந்த வீட்டில் உறவு இல்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. செத்தவனுக்குத் தங்கையாகவும் கொன்றவனுக்கு மனைவியாகவும் இருக்கிற ஒரு ஆளைத் தூதனாக அனுப்பியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை ஒன்றும் உதவவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவானது. நான் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளை ஒவ்வொரு பக்கமும் தனக்கு வேண்டிய இடத்தில் மடித்து வாசிக்கும்.

எங்கள் பள்ளி மௌலவிக்குப் போன் எடுத்தேன். “எழுதித் தர மாட்டன் ஹஸ்ரத். ரெண்டு பக்கத்து ஆக்களும் ஒரே இடத்துல இருந்தா நான் வந்து வாயால சொல்றன். அடிபட்டவங்களும் இருக்கணும், அடிச்சவங்களும் இருக்கணும்” என்றேன்.

“பொம்பளப் பிள்ளை, சபைல எழும்பிப் பேசுறதா?”

“கரைல நிண்டது பொம்பளதானே ஹஸ்ரத்.”

பள்ளிவாசலுக்குள் வைக்க முடியாதென்று கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. நானா தலையில் கட்டோடு முன்னால் கதிரையில் இருந்தார். என் கணவர் எதிர்ப்பக்கத்தில். பெரியவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி அன்றைக்கு மூன்றாம் நாள். கையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கதவடியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு மறைப்புக்கு அந்தப் பக்கம் உம்மாவும் மதினியும் கேம்ப் பெண்கள் சிலரும்.

“நான் சொல்றதுல பிழை இருந்தா அந்த இடத்துலயே நிப்பாட்டுங்க” என்று இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சொன்னேன். பிறகு உம்மா போன் எடுத்ததிலிருந்து தொடங்கினேன். வின்ச், கயிறு, காலை வைத்தவன், தள்ளியவன், என் கணவர் நடுவில் புகுந்து விலக்கியது. அதைச் சொன்னபோது நானாவின் ஆட்களில் ஒருவன் வாயெடுத்தான். மௌலவி கையைக் காட்டி நிறுத்தினார்.

அந்த வார்த்தை வருகிற இடத்தில் எனக்கு வாய் ஓடவில்லை. கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நானா ஒரு வார்த்தை சொன்னார்” என்றேன்.

“என்ன வார்த்தை?” என்று பள்ளிவாசல் தலைவர் கேட்டார்.

நான் நானாவைப் பார்த்தேன். அவருக்கு என் குரல் சரியாகக் கேட்டதோ என்னவோ, தலையை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு அவரே சொன்னார். “அகதி எண்டு சொன்னன்.” “வாப்பா இடம் குடுத்ததையும் சொல்லிக் காட்டினன்” என்று சேர்த்துச் சொன்னார்.

“அதுக்குப் பிறகு இவர் துடுப்பை எடுத்து நானாக்கு அடிச்சார். ஒரு அடி. நானா டிரக்டர்ல மோதல்ல. ஐஞ்சு பேராவும் அடிக்கல்ல” என்றேன்.

“ஓம்” என்றார் என் கணவர். “நான்தான்.”

மறைப்புக்குப் பின்னால் யாரோ அழுதது கேட்டது. உம்மாவா, கணவரின் மூத்த சகோதரியான ராத்தாவா என்று இன்றுவரை தெரியாது.

கடைசியாகப் பெரியவரின் விசயத்தைச் சொன்னேன். அவரை யாரும் தள்ளவில்லை, எல்லோரும் மெசினை விட்டுவிட்டு அடிதடிக்குப் போனதால் அவர் தனியாக வலையைக் காப்பாற்றப் போனார் என்று. இரண்டு பக்கத்திலும் தலைகள் குனிந்தன. அந்த ஒன்றைத்தான் இரண்டு பக்கமும் மிகவும் நம்பி வைத்திருந்தார்கள். “நானும் அங்கதான் நிண்டன். பத்தடி தூரம். வாயத் திறக்கல்ல. அதையும் சொல்லணும்” என்று முடித்தேன்.

யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. தலைவர் ஸலவாத் சொல்லிச் சபையைக் கலைத்துவிட்டார். அன்று பின்னேரமே என் கணவர் இரண்டு சாரனை ஒரு பையில் போட்டுக்கொண்டு தன் ராத்தா வீட்டுக்குப் போனார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “கொஞ்ச நாளைக்கு” என்றார். உம்மா என்னோடு பேசாமல் இருந்தார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் போய் வந்தார்கள். மூன்று கிழமை அப்படிப் போனது. ஒரு காலை நான் பாடசாலைக்குப் புறப்படும்போது அவர் இரண்டு இறாத்தல் பாணோடு வாசலில் நின்றார். “பேக்கரியில சூடா இருந்திச்சு” என்றார். பாணை வாங்கி உள்ளே வைத்தேன். கரையில் நடந்த அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. பேசத் தேவையில்லையா, பேச முடியாதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

பொலிஸ் விசயம் இணக்க சபைக்குப் போய்ச் சேர்ந்தது. என் கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நானா முறைப்பாட்டைத் தொடரவில்லை. மீன்பிடி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் வின்ச்சைப் பற்றி ஒரு முடிவு வரும்வரை அதைப் போட வேண்டாம் என்றார்கள். முடிவு இன்னும் வரவில்லை. டிரக்டர் நானாவின் வளவில் தென்னோலையால் மூடிக் கிடக்கிறது. வலை கையால் இழுக்கிறார்கள், ஆள் கிடைக்கிற நாளில். எரிந்த வாடியையும் எரிந்த படகையும் எரித்தவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் கேம்ப் ஆட்கள் ஜும்மாவுக்குப் பெரிய பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் பின்வரிசையில்.

வகுப்பில் நான் அந்தப் பிள்ளையிடம் திரும்பப் போனேன். “நான் சொன்ன மறுமொழி பிழை மகள்” என்றேன். “மரபு எண்டது புள்ளிக்கு. கோரஸ் ஏன் செய்யுறல்ல எண்டா, அதுக்கு ரெண்டு பக்கத்தையும் தெரியும். அதுக்குப் பயம். எல்லாம் முடிஞ்ச பிறகும் அந்த ஊர்லயே இருக்க வேண்டியதும் அதுதான். அரசன் செத்துடுவான், தூதன் போயிடுவான். கோரஸ் வீட்டுக்குப் போய்ச் சமைக்கணும்.”

“அப்ப அது சரியா டீச்சர்?” என்று சுவர்ப் பக்கத்தில் இருந்த இன்னொரு பிள்ளை கேட்டாள்.

“சரி எண்டு நான் சொல்லல்ல” என்றேன்.

அவர்கள் அதை எழுதவில்லை. அந்தக் கிழமை ஒரு காட்சியை வாசிக்கக் கொடுத்தபோது கோரஸுக்கு ஆட்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. நான் பிரிக்கவில்லை, அவர்களே பிரித்துக்கொண்டார்கள். நடு வாங்கில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தது நோன்புக்கு முந்திய கிழமை. கை ஆறி, புதுத்தோல் வெளிறிப்போய் இருந்தது. இடது கையால் ரீக் கோப்பையைப் பிடிக்கப் பழகியிருந்தார். நானா அவரை வேலையில் வைத்துக்கொண்டார் என்றும், இப்போது கயிறு சுருட்டாமல் கரையில் நின்று வலையின் போக்கைப் பார்த்துச் சொல்கிறார் என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் காற்றைப் பற்றிக் கதைத்தார். பிறகு சொன்னார்:

“டீச்சர், அண்டைக்கு நீங்க சொன்னது எல்லாம் சரி. ஒண்டு மட்டும் விடுபட்டுப் போச்சு.”

“என்ன மாமா?”

“நான் உருளைல கைய வைக்க முன்னம் கூப்பிட்டன். மெசின நிப்பாட்டுங்கடா எண்டு. மூண்டு தரம் கூப்பிட்டன். உங்கட நானாட ஆக்களையும் கூப்பிட்டன், எங்கட ஆக்களையும் கூப்பிட்டன்.”

எனக்கு அது கேட்டிருக்கவில்லை. மெசின் சத்தமா, சண்டையின் சத்தமா, என் காதே அடைத்துப் போயிருந்ததா தெரியாது. பத்தடி தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கண்டதாக இரண்டு பக்கத்துக்கும் முன்னால் சொன்னவள் நான்.

“எனக்குக் கேக்கல்ல மாமா” என்றேன்.

“ஓம், ஆருக்கும் கேக்கல்ல” என்றார் அவர். குற்றமாகச் சொல்லவில்லை. “நீங்க முழுசாச் சொன்னதால வந்து சொல்லிட்டுப் போறன். அதுவும் அதுல இருக்கட்டும்.”

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கேற் வரை நான் கூடப் போனேன். இப்போது யாராவது அந்தக் காலையைப் பற்றி என்னிடம் கேட்டால் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.